என்ன ஆயில் ஊத்தினீங்க?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நாற்பது பேர் பார்க்க, பல் டாக்டர் தன் காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, "பாருங்க, இதுதான் அந்தம்மாவோட கைவேலை" என்றார். அந்த அம்மாள் நான்தான். அவருக்கு ஆறடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் மாதத்தின் முதல் ஞாயிறன்று கூடும் மைதானம் அது. வந்து பெயின்டைத் துடைப்பார்கள். ஒருவர் காரை இன்னொருவர் பொறாமையோடு சுற்றி வருவார். வெயில் ஏறியதும் கலைந்து போவார்கள். அங்கே நிற்கிற கார்களில் பதினொன்றின் எஞ்சின் என் கையில் பிரிந்து சேர்ந்தது. பதினாறு வருஷமாக எனக்கு இதுதான் தொழில். ஷெட்டின் முன்பக்கம் என் வீட்டுக்காரர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். முன்னால் அவர், பின்னால் நான். அன்றைக்கும் பக்கத்தில்தான் இருந்தார், இரண்டு கையிலும் டீயோடு.

டாக்டர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் எழுந்தது. கூடவே ஒரு தட்டல், தையல் மெஷினை யாரோ விடாமல் மிதிக்கிற மாதிரி. இடையிடையே கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல். மூன்றாவது சிலிண்டர், புகை போகும் பக்கம். வால்வுகளைத் திறந்துவிடும் தண்டு, கேம்ஷாஃப்ட், தேய்ந்திருக்கிறது. நாலு மாதத்துக்கு முன்பு நான் மாட்டிய புத்தம் புது கேம்ஷாஃப்ட்.

"என்ன ஆயில் ஊத்தினீங்க, டாக்டர்?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு நொடிகூடக் கூசவில்லை.

"வாம்மா. நல்ல நேரத்துலதான் வந்திருக்க. ஆயிலா? இருக்கிறதுலயே உசந்த ஆயில். என் மாப்பிள்ளை வாங்கிட்டு வந்து அவன் ஷோரூம்லயே மாத்திக் கொடுத்தான்."

"நான் எழுதிக் கொடுத்த ஆயில் இல்லையா?"

"அது ஏதோ அரதப் பழசு. கெட்டியா, தார் மாதிரி. இப்ப அதையெல்லாம் யாரு போடறா?" மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "ஆயில் மேல பழியைப் போடாதம்மா. நீ போட்ட கேம்ஷாஃப்ட் மட்டம். பொம்பளை கை வெச்ச எஞ்சின், யோசிச்சுக் கொடுங்கன்னு அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் கேக்கல."

யாரோ ஒருவர் சிரித்தார். யார் என்று எனக்குத் தெரியும். அவருடைய காரின் வால்வுகளை இரண்டு முறை நான்தான் சரிபண்ணிக் கொடுத்தேன். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடை படிந்துபோன டீயில் அப்படி என்னதான் இருந்ததோ.

"நாளைக்குக் காலைல காரை ஷெட்டுக்கு இழுத்துட்டு வாங்க" என்றேன். "ஓட்டிட்டு வராதீங்க. நீங்களும் மாப்பிள்ளையும் கூட நிக்கணும். உங்க கண் முன்னாடிதான் பிரிப்பேன்."

அன்று பகல் முழுக்க என்னால் உட்கார முடியவில்லை. வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் சத்தமாகத்தான் கீழே இறங்கின. அந்த எஞ்சினுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டாக்டரைவிட ஆறு வயது சின்ன கார் அது. எஞ்சினின் ஒவ்வொரு துளையையும் அளந்து, குடைந்து, கழுவி, ஏழு வாரம் எடுத்துச் சேர்த்தேன்.

இந்தக் காலத்து எஞ்சின் பலவற்றில் கேம்ஷாஃப்டில் இருக்கும் கேம் என்கிற மேட்டுக்கும் அது தூக்குகிற டாப்பெட் என்கிற பாகத்துக்கும் நடுவே ஒரு குட்டி உருளை இருக்கும். உருண்டுகொண்டு போகும். அந்தக் காலத்து எஞ்சினில் உருளை கிடையாது. கேமின் முனை டாப்பெட்டின் தட்டையான அடிப்பாகத்தின் மேல் நேராக உரசுகிறது. கைவிரல் நகம் அளவு இடத்தில் ஒரு ஆள் பாரத்துக்கும் மேலான அழுத்தம். அந்த இரண்டு இரும்பும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கிற மருந்து. துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்தது. இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சாகப் படிந்து நிற்கும். புதுக் கார்களின் புகைக்குழாயில் நச்சை வடிகட்டும் சாதனம் ஒன்று இருக்கிறது. ஆயிலில் உள்ள அந்த மருந்து அதைக் கெடுத்துவிடும். அதனால் புது ஆயில்களில் மருந்தைக் குறைத்துவிட்டார்கள், ஆயிலையும் தண்ணீராக்கிவிட்டார்கள். புதுக் காருக்கு அது நியாயம். டாக்டரின் காருக்குப் புகைக்குழாயில் வடிகட்டியும் இல்லை, எஞ்சினில் உருளையும் இல்லை.

இதையெல்லாம் அவருக்கு உட்காரவைத்துச் சொன்னேன். "புது கேம், புது டாப்பெட். முதல் ஆயிரம் கிலோமீட்டர் ரொம்ப முக்கியம். ஒண்ணோட ஒண்ணு இன்னும் பழகல. இருபது-ஐம்பது கெட்டி, துத்தநாகம் கூடின ஆயில், இது மட்டும்தான்." தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். போதாததற்கு ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, மெழுகுத்தாள் சுற்றி, கம்பியால் ஆயில் மூடியின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டேன்.

திங்கட்கிழமை மாமனாரும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை புதுக் கார் விற்கிற ஷோரூமில் வேலை பார்க்கிறவர். இஸ்திரி கலையாத சட்டை, எதைத் தொட்டாலும் உடனே கையைத் துடைத்துக்கொள்கிற பழக்கம்.

முதலில் ஆயில் மூடியைக் காட்டினேன். கம்பி இருந்தது, அட்டை இல்லை. கத்தரித்த நுனி பளபளவென்று தெரிந்தது.

"அது இடைஞ்சலா இருந்தது மேடம்" என்றார் மாப்பிள்ளை. "பானெட் திறந்தா அசிங்கமாவும் இருந்தது."

"படிச்சீங்களா?"

"பார்த்தேன்."

"பார்த்தீங்களான்னு கேக்கல."

நான் வேலையை ஆரம்பித்தேன். எஞ்சினைக் கையால் சுற்றவிட்டு, டயல் கேஜை வைத்து, ஒவ்வொரு கேமும் எவ்வளவு தூக்குகிறது என்று அளந்தேன். டாக்டரையே முள்ளைப் பார்த்துப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியை மேலேற்றி, கீழிறக்கி, ஒவ்வொன்றாகப் படித்தார். எட்டில் ஆறு கேம் சரியாக இருந்தது. மூன்றாவது சிலிண்டரில் பாதிகூடத் தூக்கவில்லை. நாலாவதில் முக்கால்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி மூன்றாவது டாப்பெட்டை உருவி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். தட்டையாக இருக்க வேண்டிய அடிப்பாகம் கரண்டி மாதிரிக் குழிந்திருந்தது. மற்ற டாப்பெட்டுகளையும் உருவி மேஜைமேல் வரிசையாக வைத்தேன். பிறகு ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளேயிருந்த மடிப்புத் தாளை விரித்துக் காட்டினேன். வெயிலில் அது முழுக்க இரும்புத் தூளாக மினுமினுத்தது. பல் டாக்டருக்குத் தேய்மானம் என்றால் என்னவென்று தெரியாதா. கையிலிருந்த டாப்பெட்டின் குழியைக் கட்டைவிரலால் தடவினார்.

"இரும்பு மட்டமா இருந்தா எட்டும் தேயும்" என்றேன். "மத்த ஆறோட முகத்தைப் பாருங்க. நல்லா இருந்து, இப்பத்தான் கீறல் விழ ஆரம்பிச்சிருக்கு. பூச்சு இல்லாம ஓடியிருக்கு."

"அந்த டின்ல எல்லா பெட்ரோல் எஞ்சினுக்கும் ஏற்றதுன்னு போட்டிருக்கு" என்றார் மாப்பிள்ளை.

"கொண்டாங்க, பார்க்கலாம்."

டிக்கியிலிருந்து காலி டின்னை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். ஜீரோ-இருபது. தண்ணீர். பின்பக்கம் பொடி எழுத்தில், பழைய வகை எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளரைக் கேட்கவும் என்று ஒரு வரி. அந்த வரியில் விரலை வைத்து, இதைப் படிக்கவில்லையா என்று கேட்க நிமிர்ந்தேன். மாப்பிள்ளை டின்னைத் திருப்பி முன்பக்கத்தைக் காட்டினார். மூலையில் ஒரு சின்ன மஞ்சள் ஸ்டிக்கர். எங்கள் கடையின் பெயர், எங்கள் கடையின் போன் நம்பர்.

"உங்க கடையிலதான் வாங்கினேன் மேடம்" என்றார். குரலில் ஏளனம் இல்லை, அதுதான் இன்னும் மோசம். "நீங்க அன்னைக்கு லேத்துக்குப் போயிருந்தீங்க. சார்தான் இருந்தாரு. மாமாவோட பழைய காருக்கு, இதைப் போடலாமான்னு கேட்டேன். போடலாம்னாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் முன்பக்கக் கடையைப் பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் ஒரு ஃபேன் பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த பெல்ட்.

காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவர்கள் போனதும் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினேன். நடுப்பகல். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"போடலாம்னு சொன்னீங்களா?"

"ஆயில் கம்பெனி ஆள் அப்படித்தான் சொன்னான். புது ஆயில் பழைய ஆயிலோட வேலையையும் சேர்த்தே செய்யும், எல்லாத்துக்கும் போடலாம்னு. அந்த மாசம் நிறைய இறக்கியிருந்தேன்…"

"அந்தக் கார் எதுன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அட்டை எழுதும்போது பக்கத்துல நின்னு, எழுத்து பெருசா போடுன்னு சொன்னது யாரு?"

அவர் பெல்ட்டை ஆணியில் மாட்டினார்.

"சரி, தப்பு நடந்துபோச்சு. அன்னைக்குச் சாயந்திரமே என்கிட்ட சொல்லியிருந்தா, ஒரு போன் பண்ணி ஆயிலை வடிச்சிருப்பேன். ஏன் சொல்லல?"

"நீ கத்துவேன்னு."

உண்மையாகவே அன்று நான் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டுமே. ஒரு ஆயில் டின்னை மாற்றிக் கொடுத்தது பெரிய விஷயம் இல்லை. எனக்கும் தப்பு நடந்திருக்கிறது. ஒரு முறை ஒரு போல்ட்டை முறுக்க மறந்து, நானே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மைதானத்தில் அந்த மனிதர் என் தொழிலை, என் கையை, நான் பெண் என்பதைச் சேர்த்துவைத்து மிதித்தபோது, இவருக்குக் காரணம் தெரியும். தெரிந்துகொண்டு டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்த மனுஷர். எனக்காக ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் பேச அவருக்கு நாக்கு எழவில்லை.

"அன்னைக்கு மைதானத்துலயாவது சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"அத்தனை பேர் முன்னாடி எப்படி…"

"அத்தனை பேர் முன்னாடி நான் கேட்டுட்டு நின்னேன்ல?"

அந்த மாதம் நன்றாக இல்லை. மைதானத்துப் பேச்சு ஊருக்குள் இறங்கிவிட்டது. ஒருவர் வந்து, பாதி பிரித்திருந்த தன் எஞ்சினை மூன்று பெட்டிகளில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். "வேற ஒண்ணும் இல்லக்கா, வீட்ல கொஞ்சம் பயப்படறாங்க" என்றார். வேறு ஒருவர் போனையே எடுக்கவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்கு வேண்டிய வார்த்தைகளை மட்டும் பேசினோம். கேஸ்கெட் வந்ததா. வந்தது. நாலா, எட்டா. எட்டு.

டாக்டர் போன் செய்தார். புது கேம்ஷாஃப்டுக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். ஏதோ சமாதானம் ஆகிவிட்ட மாதிரியான குரல்.

"சொல்லியாச்சு. ஆயில் எங்க கடையில இருந்து போனது, அதனால செலவு எங்களோடது. ஆனா நீங்க மைதானத்துல பேசினதை மைதானத்துலயே வந்து எடுத்துக்கணும். அதுக்கப்புறம்தான் எஞ்சினைச் சேர்க்க ஸ்பேனரைத் தொடுவேன்."

"அதான் உன் வீட்டுக்காரர் கொடுத்த ஆயில்தானேம்மா காரணம்?"

"ஆயில்தான் காரணம். நீங்க ஆயிலைச் சொல்லலையே, டாக்டர்."

முதல் ஞாயிறு வந்தது. முந்தின நாளே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், நான் பேசப் போவதில்லை, நீங்கள்தான் பேச வேண்டும் என்று. ஏதாவது சாக்குச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. காலையில் எனக்கு முன்பே குளித்துத் தயாராகி நின்றார்.

மைதானத்தில் ஒரு பழைய சிமென்ட் மேடை உண்டு. அதன்மேல் வெள்ளைத் துணியை விரித்து, எட்டு டாப்பெட்டுகளையும் தேய்ந்த கேம்ஷாஃப்டையும், அறுத்த ஃபில்டரையும் அந்த டின்னையும் வைத்தேன். கூட்டம் தானாகச் சேர்ந்தது. என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றார்.

"இந்த ஆயிலைக் கொடுத்தது நான். டாக்டர் காருக்குன்னு தெரிஞ்சே கொடுத்தேன். போடலாமான்னு கேட்டாங்க, போடலாம்னு சொன்னேன். அவளுக்குத் தெரியாது. போன மாசம் டாக்டர் இங்க பேசினப்போ எனக்குக் காரணம் தெரியும். வாயைத் திறக்கல. எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல."

அவ்வளவுதான். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

டாக்டர் முன்னால் வந்தார். நான் எதிர்பார்த்த மாதிரியே வழுக்கிக்கொண்டு போகப் பார்த்தார். "பாருங்க, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. எப்படியோ அவங்க பக்கத்துத் தப்புதான். நான் சொன்னதுல பெருசா…"

எனக்குள் ஏதோ அறுந்தது. ஆனால் எனக்கு முன்பே வேறு ஒரு குரல் வந்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பழைய வேன் ஒன்று வைத்திருக்கிறார். அதிகம் பேசாதவர். டாப்பெட் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "டாக்டர், அந்தம்மா அட்டை எழுதிக் கட்டினாங்களா இல்லையா?" என்றார்.

"கட்டினாங்க."

"அதைக் கத்தரிச்சது யாரு?"

"மாப்பிள்ளை… ஏதோ தெரியாம."

"அப்ப நீங்க அன்னைக்குச் சொன்னதுல எது நிஜம்?"

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்து, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று முணுமுணுத்தார்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேட்டிருக்காது, டாக்டர்" என்றேன். "அன்னைக்கு எல்லாருக்கும் கேட்டது."

அவர் முகம் சிவந்துவிட்டது. ஒரு கணம் போய்விடுவார் என்றே நினைத்தேன். போகவில்லை. நிமிர்ந்து நின்று, "கேம்ஷாஃப்ட் மட்டம்னு சொன்னேன். அது பொய். பொம்பளை கை வெச்சதுன்னு சொன்னேன். அது அசிங்கம். ரெண்டையும் வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். போன மாதம் சிரித்தவர் பின்வரிசையில் ஒரு காரின் கண்ணாடியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கட்டும்.

பஸ்காரர் தன் வேனிலிருந்து ஆயில் அளவுக் கம்பியை உருவிக்கொண்டு வந்து நீட்டினார். "இது என்னன்னு பாரும்மா. எவனோ லேட்டஸ்ட்னு தலையில கட்டினான்." ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்தேன். எவ்வளவு கெட்டி என்று விரலுக்குத் தெரியும். மருந்து இருக்கிறதா என்று எந்த விரலுக்கும் தெரியாது, டின்னைப் பார்க்க வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு டிக்கிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மதியத்துக்குள் அதே ஜீரோ-இருபது ஊற்றிய பழைய கார்கள் ஐந்தைக் கண்டுபிடித்தோம். அதில் மூன்று டின்களில் மஞ்சள் ஸ்டிக்கர். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரே ஒவ்வொருவரிடமும் போய், நாளைக்கே வாருங்கள், வடித்து மாற்றித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற இரண்டும் வேறு கடையில் வாங்கியவை. அந்தக் கம்பெனி ஆள் ஊர் முழுக்க அதே பாட்டைத்தான் பாடியிருக்கிறான். அவன் மறுபடி எங்கள் கடைக்கு வந்த நாளில் நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

இரண்டு வாரம் கழித்து டாக்டரின் எஞ்சினை மறுபடி சேர்த்தேன். எண்ணெய் போகிற எல்லா வழிகளையும் கழுவினேன், இரும்புத் தூள் ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது. புது கேமின் ஒவ்வொரு முனையிலும் முதல் ஓட்டத்தில் தேயாமல் காக்கும் பசையைத் தடவினேன். முதல் தடவை எஞ்சின் எழுந்ததும் அதைச் சும்மா நின்று ஓட விடக்கூடாது. இருபது நிமிஷம் வேகமாகவே ஓட வேண்டும். அப்போதுதான் கேமின் மேல் ஆயில் நன்றாகத் தெறிக்கும். நான் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் மிதித்துப் பிடித்திருந்தேன். என் வீட்டுக்காரர் பானெட்டுக்குப் பக்கத்தில் நின்று வெப்பத்தையும் ஆயில் பிரஷரையும் பார்த்தார். அந்தச் சத்தத்தில் யாரும் எதுவும் பேச முடியாது. கால் மரத்துப்போனது.

இருபது நிமிஷம் முடிந்து மெதுவாக இறக்கினேன். எஞ்சின் அமைதியாக ஓடியது. தட்டல் இல்லை, தும்மல் இல்லை. அணைத்தேன்.

அவர் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார். "நல்லா இருக்குல்ல?"

"இருக்கு."

"இன்னும் கோபமா?"

"ஆமா."

துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு நாளைக்கு இருக்கும்?"

"தெரியல" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. "முன்னாடி ரேடியேட்டர் ஹோஸைப் பாருங்க. தண்ணி சொட்டுது."

அவர் போய் ஸ்பேனரை எடுத்துக் குனிந்தார். நான் இறங்கி, முதல் ஓட்டத்தில் அழுக்கான ஆயிலை வடிக்கத் தட்டைத் தேடினேன்.